பர்மா அரிசியும் இரண்டாம் உலகப்போரும்

பாலக்காட்டு வயல்களிலோ மூணாற்றுத் தேயிலைச் சரிவுகளிலோ இரண்டாம் உலகப்போரின் குண்டு ஒன்றேனும் விழவில்லை. போர்க்களங்கள் பல நூறு கல் தொலைவுக்கு அப்பால் இருந்தன. ஆயினும் 1942ஆம் ஆண்டு முதல் இப்பகுதி வீடுகளில் உலையில் இடும் அரிசி குறைந்தது. சில ஊர்களில் உலை வைப்பதே அரிதாயிற்று. எங்கோ நடந்த போர் இங்குள்ள அடுப்பை எவ்வாறு எட்டியது என்பதை அறிய, அப்போரின் காரணங்களையும் போக்கையும் அறிந்துகொள்ள வேண்டும்.

அக்காலத்தில் இன்றைய கேரள மாநிலம் இல்லை. பாலக்காடு, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் அருகிலேயே உள்ள சித்தூர், கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசின் மலைப்பகுதிகள். இடுக்கி என்னும் மாவட்டம் 1972ஆம் ஆண்டில்தான் உருவாயிற்று.

போரின் விதைகள்

முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தது. தோற்ற செருமனி, அடுத்த ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. போருக்கான பழி முழுவதையும் அது ஏற்க வேண்டியதாயிற்று. நிலப்பகுதிகளை இழந்தது, பெருந்தொகையை இழப்பீடாகச் செலுத்தவும் கடமைப்பட்டது. இந்த அவமானம் செருமானிய மக்களின் மனத்தில் நீறுபூத்த நெருப்பாகக் கிடந்தது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் உலகெங்கும் பரவியபோது, செருமனியில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வேலையிழந்தனர். அவர்களின் பசியையும் சினத்தையும் தனக்குச் சாதகமாக்கிக் கொண்டவர் இட்லர். 1933 சனவரி 30 அன்று அவர் தலைமை அமைச்சரானார். யூதர்களே எல்லாத் துன்பத்திற்கும் காரணம் என்ற பொய்யை அவர் பரப்பினார். அப்பொய்க்குப் பின்னாளில் பலியான யூதர்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர்.

இட்லர் 1938இல் ஆத்திரியாவை இணைத்துக்கொண்டார். பின்னர்ச் செக்கோசுலோவாக்கியாவின் ஒரு பகுதியைக் கேட்டார். பிரிட்டனும் பிரான்சும் மியூனிக் நகரில் கூடி அதனை விட்டுக்கொடுத்தன. அதனால் அமைதி நிலைக்கும் என்று அவை நம்பின. ஆறு மாதங்கள்கூட அது நிலைக்கவில்லை. 1939 செப்டம்பர் 1 அன்று செருமானியப் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. செப்டம்பர் 3 அன்று பிரிட்டனும் பிரான்சும் போரை அறிவித்தன. அதே நாளில், இந்தியாவும் போரில் ஈடுபட்டிருப்பதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். இந்தியத் தலைவர்கள் எவரிடமும் அவர் கலந்து பேசவில்லை. நாற்பது கோடி அளவிலான மக்கள் தங்கள் இசைவின்றியே ஒரு போருக்குள் இழுக்கப்பட்டனர். இதனை எதிர்த்து மாகாணங்களில் இருந்த காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் இராசாசியின் அமைச்சரவையும் அவற்றுள் ஒன்று.

எண்ணெயைத் தேடிய சப்பான்

1940 சூனில் பிரான்சு வீழ்ந்தது. 1941 சூன் 22 அன்று செருமனி சோவியத்து நாட்டின்மீது படையெடுத்தது. அதுவரை போர், இந்தியர்களுக்குச் செய்தித்தாளில் படிக்கும் செய்தியாகவும், படையில் சேர்ந்த மகனைப் பற்றிய கவலையாகவும் இருந்தது. கிழக்கே சப்பான் போரில் இறங்கியதும் நிலைமை மாறியது.

சப்பான் தொழில் வளர்ந்த நாடு. ஆனால் அதன் மண்ணில் போதிய எண்ணெயும் இல்லை, இரப்பரும் இல்லை. 1931இல் மஞ்சூரியாவைப் பிடித்த அந்நாடு, 1937 முதல் சீனாவுடன் பெரும்போர் நடத்தி வந்தது. 1941ஆம் ஆண்டின் நடுவில் அது தென் இந்தோசீனாவுக்குள் படைகளை அனுப்பியது. உடனே அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியது. சப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. எண்ணெய் இல்லையேல் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. சீனாவை விட்டு விலகுவதா, எண்ணெய் உள்ள நாடுகளைப் பிடிப்பதா என்ற கேள்விக்குச் சப்பானின் தலைவர்கள் இரண்டாவதையே விடையாகக் கொண்டனர். டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் எண்ணெய் இருந்தது. மலாயாவில் இரப்பரும் வெள்ளீயமும் இருந்தன. பர்மாவில் எண்ணெயும் அரிசியும் இருந்தன.

1941 திசம்பர் 7 அன்று முத்துத் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படை தாக்கப்பட்டது. ஏறக்குறைய அதே வேளையில் சப்பானியர் மலாயாவின் கரையில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்தது. ஏப்பிரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் குண்டுகள் விழுந்தன. சென்னை நகர மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர்.

நின்றுபோன அரிசிக் கப்பல்கள்

போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. ஆண்டுதோறும் அங்கிருந்து ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசி வெளியே சென்றது. அதில் பாதியளவு இந்தியாவிற்கு வந்தது. இந்தியா முழுவதையும் கணக்கிட்டால், அது மொத்தத் தேவையில் சிறு பங்குதான். ஆனால் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் அது சிறு பங்கு அன்று. திருவிதாங்கூர் தன் தேவையில் பாதிக்கும் குறைவான அரிசியையே விளைவித்தது. மலைகளில் தேயிலையும் ஏலமும், சரிவுகளில் மிளகும் இரப்பரும், கடற்கரையில் தென்னையும் பயிரிடப்பட்டன. இவற்றை உலகச் சந்தையில் விற்று, அப்பணத்தால் பர்மா அரிசியை வாங்கி உண்பதே வழக்கமாயிருந்தது. கப்பல்கள் தடையின்றி ஓடும் வரையில் அது நல்ல வழக்கந்தான்.

இரங்கூன் வீழ்ந்ததும் அரிசி வரவு நின்றது. விளைபொருளை ஏற்றிச் செல்லவும் கப்பல்கள் கிடைக்கவில்லை. ஆகவே வாங்க அரிசியும் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. சேர்த்தலை போன்ற கடலோர வட்டங்களில் கயிறு திரித்துப் பிழைத்த தொழிலாளர்கள்தாம் முதலில் வீழ்ந்தனர். பட்டினியும் அதனைத் தொடர்ந்த நோயும் பல உயிர்களைக் குடித்தன. மற்ற மாகாணங்களிலிருந்து அரிசி வாங்கலாம் என்றால், ஒவ்வொரு மாகாணமும் தன் தானியம் எல்லை தாண்டாதபடி தடை விதித்தது. அதுவரை மக்கள் எண்ணிப் பாராமல் கடந்த எல்லைகள், அரிசி மூட்டைக்குச் சுவர்களாக நின்றன.

வங்காளத்தின் நிலை இதனினும் கொடிது. அங்கு 1942 அக்டோபரில் புயல் வீசியது. சப்பானியர் கைக்கு எட்டக்கூடாதென்று கடலோரப் பகுதிகளில் படகுகளையும் நெல்லையும் அரசே அகற்றியது. விலை ஏறியது, பதுக்கல் பெருகியது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் அதன்பின் வந்த நோய்களிலும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர் என்பது பல அறிஞர்களின் கணிப்பு. கல்கத்தா நகரிலேயே பங்கீட்டு முறை 1944 சனவரி இறுதியில்தான் தொடங்கியது.

கொச்சியும் திருவிதாங்கூரும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. உழவரிடம் மிகுந்த நெல்லை அரசே கொள்முதல் செய்தது. நகரத்தார்க்கு மட்டுமன்றிச் சிற்றூர் மக்களுக்கும் அட்டை வழங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தது. கிடைத்த அளவு வயிற்றுக்குப் போதவில்லை. எனினும் வங்காளத்தில் நேர்ந்த அளவுக்குப் பேரழிவு நேராமல் அது காத்தது. ரேஷன் கடை என்னும் சொல் கேரளத்தின் வீடுதோறும் வேரூன்றியது இவ்வாறுதான். குறைந்த அரிசிக்கு ஈடாக மரவள்ளிக்கிழங்கு வந்தது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய பயிர் அது. ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்ட கிழங்கு, போர்க்காலத்தில் எல்லார் வீட்டு அடுப்பிலும் வெந்தது.

மலையேறிய உழவர்

1942இல் இந்திய அரசு ‘உணவுப்பயிரைப் பெருக்குவோம்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. திருவிதாங்கூர் அரசு, காட்டு நிலங்களைத் திருத்திப் பயிரிட இசைவளித்தது. கோட்டயம், பாலா, மூவாற்றுப்புழை ஆகிய பகுதிகளிலிருந்து உழவர் குடும்பங்கள் மலையேறின. யானையையும் மலைக்காய்ச்சலையும் எதிர்கொண்டு அவர்கள் நெல்லும் கிழங்கும் விளைவித்தனர். அவர்களுக்கு முன்பே, திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அங்குத் தேயிலை பறித்து வந்தனர். மலையின் பழங்குடிகளோ அனைவர்க்கும் முன்பே வாழ்ந்தவர்கள். இன்று இடுக்கியில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து ஒலிப்பதற்கு, அந்த அரிசிப் பஞ்சமும் ஒரு காரணம். அடர்ந்த காடுகள் பல அப்போதுதான் அழிந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

போருக்கு வேண்டிய பொருள்கள் மலைகளிலிருந்து கீழே சென்றன. மலாயா பறிபோனபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இரப்பரில் திருவிதாங்கூரின் விளைச்சல் பெருமதிப்புப் பெற்றது. சாவகம் வீழ்ந்ததால், மலைக்காய்ச்சலுக்கான கொயினா மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. அம்மருந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. வால்பாறைக்கு அருகே சின்கோனா என்னும் பெயரிலேயே ஓர் ஊர் உள்ளது.

இரும்பும் தப்பவில்லை. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் சொரனூரிலிருந்து நிலம்பூருக்குச் செல்லும் இருப்புப்பாதையின் தண்டவாளங்கள், போர்த் தேவைக்காகப் பெயர்த்து எடுக்கப்பட்டன. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் போடப்பட்ட பாதைக்கும் அதே கதி நேர்ந்தது. இடுக்கி மலையின் ஏலக்காய் இறங்கி வரும் ஊர் போடி.

கடலுக்கு அப்பால்

பர்மாவிலும் மலாயாவிலும் இலட்சக்கணக்கான தமிழர்கள் வாழ்ந்தனர். 1941 திசம்பர் 23 அன்று இரங்கூனில் குண்டு விழுந்தது முதல் இந்தியர்கள் வெளியேறத் தொடங்கினர். ஏறத்தாழ நான்கைந்து இலட்சம் பேர் இந்தியாவை வந்தடைந்தனர். கப்பலில் இடம் பெற்றவர் சிலரே. ஏனையோர் காடும் மலையும் கடந்து மணிப்பூருக்கும் அசாமுக்கும் சிட்டகாங்குக்கும் நடந்தே வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர் பல்லாயிரவர்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு வேறுவகைத் துன்பம் காத்திருந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்குச் சப்பானியர் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தனர். 1942 சூனில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நல்ல கூலி என்னும் பொய்யை நம்பிச் சென்றவரும், வலிந்து பிடித்துச் செல்லப்பட்டவருமாக ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர். அதே வேலையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. மாண்ட தமிழருக்கு அத்தகைய வரிசைகள் இல்லை.

அதே மலாயாவில், விடுதலையை நாடி ஆயுதம் ஏந்தியவரும் இருந்தனர். 1943 சூலையில் சுபாசு சந்திரபோசு இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். பெண்களுக்கெனச் சான்சிராணிப் படை அமைக்கப்பட்டது. இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். அப்படையின் தலைவியான கேப்டன் இலட்சுமி, சென்னையில் பிறந்த மருத்துவர். அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதனின் ஊர் பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரை.

போரின் முடிவு

1944இல் இம்பாலிலும் கோகிமாவிலும் நடந்த போர்களில் சப்பானியர் பின்வாங்கினர். 1945 மே மாதம் செருமனி பணிந்தது. ஆகத்து 6 அன்று இரோசிமாவிலும் 9 அன்று நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டு வீசியது. செப்டம்பர் 2 அன்று சப்பான் சரண் ஆவணத்தில் கையொப்பமிட்டது. உலகெங்கும் 6 கோடிக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். 25 இலட்சம் வீரர்களைக் கொண்டிருந்த இந்தியப் படை, ஏறத்தாழ 87,000 பேரை இழந்திருந்தது. பட்டினியால் மாண்டவர் அக்கணக்கில் இல்லை.

துப்பாக்கிகள் ஓய்ந்தபின்னும் அரிசி உடனே வரவில்லை. பர்மாவின் வயல்கள் பாழாகியிருந்தன. உழவு மாடுகள் குறைந்திருந்தன. ஏற்றுமதி பழைய அளவை எட்டவில்லை. பங்கீட்டு அட்டைகள் விடுதலைக்குப் பின்னும் பயன்பாட்டில் இருந்தன. நிலம்பூருக்கும் போடிக்கும் தண்டவாளங்கள் மீண்டும் போடப்பட்டு ரயில் ஓடியது, 1950களில்தான்.