செயின்சா வாங்கப் போகிறீர்களா?

ஈப்போவில் ஒரு கடைக்குப் போய்க் கோடரி கேட்டால் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். செயின்சா கேட்டால் உங்களிடம்தான் தாள் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கெர்காஜி ரந்தாய் (செயின்சா) சட்டம் அப்படி. இறக்குமதி செய்பவர், விற்பவர், வாங்கி வைத்திருப்பவர் என்று எல்லாரையும் அது வன இலாகாவின் கணக்கில் கொண்டுவருகிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தட்டிவிட்டு, பார்சல் வந்தபின் அனுமதிக்கு அலைவது தலைகீழ் வேலை. மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

ஒரு கைக்கருவிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? கோடரியால் அரைநாள் எடுக்கும் மரத்தை இது சில நிமிடங்களில் சாய்த்துவிடும். கள்ள மரம் வெட்டுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான கருவி இல்லை. பிலிப்பீன்ஸ் 2002-லேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கே பழத்தோட்டக்காரர், மரம் வளர்ப்பவர், உரிமம் பெற்ற மர ஆலைக்காரர் போன்றவர்களுக்கு மட்டுமே அனுமதி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டங்களுக்கு மரத்தின் மேல்தான் கவலை. அனுமதித் தாள் நீங்கள் மரத்திருடர் இல்லை என்று சொல்லும். கருவியைப் பிடிக்கத் தெரிந்தவர் என்று சொல்லாது. உங்கள் காலுக்கும் கழுத்துக்கும் நீங்கள்தான் காவல்.

பேராக்கில் இது காட்டு வேலைக்காரர்களின் விஷயம் மட்டுமல்ல. 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் தொடங்கியது இந்த மாநிலத்தின் ரப்பர் கதை. பால்மரம் 25, 30 வருடம் பால் தரும், பிறகு சாய்த்து மறுநடவு செய்ய வேண்டும். பெரிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும், சுங்கை சிப்புட், தாப்பா பக்கம் மூன்று நான்கு ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் இன்னும் உண்டு. ஒரு காற்று மழையில் மரம் வீட்டுப் பாதையில் விழுந்தால், பக்கத்து வீட்டு செயின்சாவை இரவல் வாங்கி இறங்கிவிடுகிறார்கள். இடுப்பில் கைலி, காலில் சிலிப்பர்!

கருவியைப் பார்ப்போம். சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அதிலிருந்து நீளும் தட்டையான இரும்புதான் பார். அதன் விளிம்பைச் சுற்றிப் பல் வைத்த செயின் ஓடுகிறது. விசையை அழுத்தி முழு வேகம் கொடுத்தால் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது சாலையில் கார் போகும் வேகம். 1950-இல் ஷ்டில் நிறுவனம் கொண்டுவந்த, ஒருவரே தூக்கி வேலை செய்யும் பெட்ரோல் ரம்பம் 16 கிலோ இருந்தது. இன்று சுமார் 5 கிலோ. எடை குறைந்ததும் துணிச்சல் கூடிவிட்டது என்பது என் எண்ணம்.

செயினின் பல்லுக்கு ஒரு வண்டுப் புழுவிடம் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், கட்டையைக் குடைந்து தின்னும் புழு ஒன்று தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து அறுப்பதை 1946-இல் கவனித்தார். அதே போல இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி அமைத்து, மறுவருடமே செயின் செய்து விற்கத் தொடங்கினார். இன்றைய செயின்களும் பெரும்பாலும் அந்த வழிதான். ஒவ்வொரு வெட்டும் பல்லின் முன்னாலும் ஒரு சிறு திமில் இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. வேகமாக வெட்டட்டும் என்று அதை அளவுக்கு மேல் அராவித் தள்ளுகிறவர்கள் ஆபத்தை அழைக்கிறார்கள்.

அந்த ஆபத்தின் பெயர் கிக்பேக். பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது இடித்தால், செயினால் அறுத்துக்கொண்டு போக முடியாது. அந்த விசை முழுவதும் திரும்பிப் பாரை மேலே, உங்கள் முகத்தை நோக்கி எறியும். கண் பார்த்து மூளை சொல்லிக் கை விலகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் பட்டை செயின் பிரேக். எகிறும்போது மணிக்கட்டு அதில் மோதினால், அல்லது உதறலிலேயே, செயின் நின்றுவிடும். வேலை தொடங்கும் முன் அது பிடிக்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். இடது கட்டைவிரல் கைப்பிடியை அடியில் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி வெட்டக் கூடாது. ஏணியில் நின்று வெட்டவே கூடாது.

பால்மரத்துக்கென்று தனிச் சங்கடங்கள் உண்டு. பால் பிடிக்க மங்கு கட்டியிருந்த கம்பியும் பால் வழிய அடித்த தகரமும் பட்டை வளர்ந்து உள்ளே மறைந்திருக்கும். செயின் அதில் பட்டால் பொறி பறக்கும், பல் மழுங்கும். பால் பிசுபிசுத்துச் செயினில் அப்பிக்கொள்ளும். நிரையாக நட்ட மரங்களின் கிளைகள் பின்னியிருப்பதால், அறுத்த மரம் விழாமல் அடுத்த மரத்தில் சாய்ந்து நிற்கும். அதன் அடியில் போகாதீர்கள்.

சாய்க்கும் முறை இது. விழ வேண்டிய பக்கம், விட்டத்தில் கால்வாசி ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு வாய். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, சற்று மேலாக, பின்வெட்டு. இரண்டும் சந்திக்கக் கூடாது. நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தை விட வேண்டும். அதுதான் கீல், மரம் விழும் திசையை அதுவே பிடித்துக்கொள்கிறது. விலகி ஓடும் வழியை முன்பே துப்புரவாக்கி வையுங்கள். நேர் பின்னால் ஓடாமல் சாய்வாக ஓடுங்கள், அடித்தண்டு பின்னோக்கி எகிறுவது உண்டு.

உடுப்பைப் பொறுத்தவரை தலைக்கவசம், கண்ணாடி, காதுமூடி, பூட்ஸ் எல்லாம் வேண்டும். பலரும் விலை கேட்டு ஒதுக்குவது பாதுகாப்புக் கால்சட்டையை. அதற்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் துணியைக் கிழித்ததும் இழைகள் இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, செயின் சிக்கி நின்றுவிடும்.

ஆள் வைத்து மரம் சாய்ப்பவர்களுக்கும் பொறுப்பு இல்லாமலில்லை. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலை இடங்களுக்கும் விரிந்துவிட்டது. குத்தகைக்காரரிடம் கூலி பேசும்போதே ரம்பத்துக்கு அனுமதி இருக்கிறதா, பிடிப்பவர் எங்கே பழகினார், அந்தக் கால்சட்டையைக் கொண்டுவருவாரா என்று கேட்டுவிடுங்கள்.