சாவி கிராமபோனும் பழைய இசைத்தட்டுகளும்: கண்டெடுத்தலும் சீரமைத்தலும்

சாவி கிராமபோன் என்பது மின்சாரம் இல்லாமல், கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றிய எஃகுச் சுருள்வில்லின் விசையால் இசைத்தட்டைச் சுழற்றி ஒலிக்கும் கருவி. தாமஸ் ஆல்வா எடிசன் 1877-இல் உருவாக்கிய போனோகிராப் உருளையில் ஒலியைப் பதிந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர் தட்டையான தட்டில் பதியும் முறையைக் கொண்டுவந்தார். அதுவே கிராமபோன். தமிழ்நாட்டின் பழைய வீடுகளிலும் பழம்பொருள் கடைகளிலும் இக்கருவிகளும் தட்டுகளும் இன்றும் கிடைக்கின்றன. கருவியைச் சீரமைப்பதும் தட்டைக் காப்பதும் வெவ்வேறு பணிகள். கருவியை ஓடவைக்கும் ஆர்வத்தில் அரிய தட்டு அழிந்துபோவதும் உண்டு.

வரலாறு

இந்தியாவில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. அங்கே கௌஹர் ஜான் பாடியவை இந்தியாவின் தொடக்ககாலத் தட்டுகளில் புகழ்பெற்றவை. முதலில் ஜெர்மனியில் அச்சிடப்பட்டு வந்த தட்டுகள், 1908 முதல் கல்கத்தாவிலேயே தயாராயின. சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் 1930களின் தொடக்கத்தில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை விற்றார். பின்னாளில் ஏவிஎம் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவரே.

நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. அவருடைய குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால் அதற்குக் கிராமபோன் தட்டுகளே காரணம். வீணை தனம்மாளின் வாசிப்பும் 1930களின் தட்டுகள் வழியாகவே எஞ்சியது. அக்காலத்துப் பாடகர்கள் பலருக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று, எங்கோ ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் தட்டாக இருக்கலாம்.

தட்டு எதனால் ஆனது

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டு பிளாஸ்டிக்கால் ஆனதல்ல. அரக்குடன் கல்தூள், கரித்தூள் முதலியவற்றைக் கலந்து சூடாக்கி அச்சில் அழுத்திச் செய்தார்கள். அரக்கு ஒரு பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். அதன் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே உலகுக்குச் சென்றது. அதே பூச்சியிலிருந்து கிடைத்த செஞ்சாயத்தின் நினைவாகத்தான் ஆரணி, காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளின் அடர்சிவப்பை இன்றும் ‘அரக்கு’ என்கிறோம். இரண்டாம் உலகப்போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அமெரிக்காவில் மக்களிடமிருந்து பழைய தட்டுகளைத் திரட்டி, உடைத்துப் புதிய தட்டுகளுக்குப் பயன்படுத்தினார்கள்.

கண்டெடுத்தல்

சென்னையில் பழைய தட்டுகளைத் தேடுவோர் ஒருகாலத்தில் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டுக்குத்தான் போனார்கள். 1985-இல் அது தீக்கிரையானது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் இன்றும் பெயர்பெற்றவை.

வாங்குவோர் போலிகளைக் கவனிக்க வேண்டும். பழைய பெட்டி கிராமபோனின் இயந்திரத்தைப் புதிய மரப்பெட்டியில் பொருத்தி, பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப்படத் தகடும் சேர்த்து விற்பது இந்தியாவில் பரவலாக நடக்கிறது. மரத்தில் புதிய பூச்சு, ஒட்டிவைத்த கம்பெனித் தகடு, ஊசிக்கை தட்டின் மேல் சரியாக நகராமை ஆகியவை போலியின் அடையாளங்கள்.

கருவியைச் சீரமைத்தல்

1. சுருள்வில்: உருளைப் பேழைக்குள் சில மீட்டர் நீள எஃகுப் பட்டை சுருண்டிருக்கும். முறுக்கு முழுவதும் இறங்காத நிலையில் பேழையைத் திறந்தால் பட்டை பாய்ந்து கையைக் கிழித்துவிடும். பழகாதவர்கள் இதைத் தேர்ந்தவரிடம் விடுவதே நல்லது. உள்ளே இறுகிய பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து உலர்த்தி, கிராபைட் கிரீஸ் இட வேண்டும். கருவி ஓடும்போது ‘தொம், தொம்’ என்று அதிர்ந்தால் பெரும்பாலும் இறுகிய கிரீஸே காரணம்.

2. வேகக் கட்டுப்பாட்டுப் பகுதி: சிறு எடைகள் சுழன்று வேகத்தைச் சீராக்கும் பகுதி இது. மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் போதும்.

3. ஒலிப்பெட்டி: ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் மைக்கா தகடு இதற்குள் இருக்கிறது. அதைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் கல்லாக இறுகிவிடும், ஒலி கரகரக்கும். மென்மையான புதிய ரப்பரை மாற்றினால் குரல் தெளியும்.

4. வேகம்: தட்டின் ஓரத்தில் சிறு காகிதத்துண்டு வைத்து, பாட்டு ஓடும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். 78-க்குப் பதில் 74 சுற்று சுழன்றால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை இறங்கிவிடும். தொடக்ககாலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78 சுற்றில் பதிந்தவை அல்ல என்பதால், பாடகரின் சுருதியை அவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லும் முன் கவனம் தேவை.

தட்டைத் தூய்மை செய்தல்

அரக்கு சாராயத்தில் கரையும். எனவே ஸ்பிரிட், சானிடைசர் போன்றவற்றால் 78 சுற்றுத் தட்டைத் துடைக்கவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசியை நீக்கி, மிதமான சோப்பு கலந்த காய்ச்சி வடித்த நீரால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நல்ல நீரால் அலசி உடனே உலர்த்த வேண்டும். நடுவிலுள்ள காகிதச் சீட்டு நனையக் கூடாது. பாடகர் பெயர், தட்டு எண் முதலிய விவரங்கள் அதில்தான் உள்ளன. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், வெயில் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்திவைக்க வேண்டும்.

எதை ஒலிக்கலாம், எதைக் கூடாது

சாவி கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையுடன் தட்டை அழுத்துகிறது. தட்டிலுள்ள கல்தூள் எஃகு ஊசியைத் தேய்க்கும். கூர் கெட்ட ஊசி தட்டைத் தேய்க்கும். அதனால்தான் ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும் என்ற விதி வந்தது. ஊசியை மாற்றினாலும் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் தட்டு கொஞ்சம் தேய்கிறது. பின்னாளில் வந்த வினைல் தட்டுகளை இதில் வைத்தால் ஒரே முறையில் கெட்டுவிடும்.

ஆகவே, பல படிகள் கிடைக்கும் தட்டுகளை மட்டுமே சாவி கிராமபோனில் கேட்கலாம். அரிய தட்டு கிடைத்தால், 78 சுற்றுத் தட்டுக்கென்றே உள்ள அகன்ற ஊசி பொருத்திய, சில கிராம் அழுத்தமே தரும் மின்சுழல்தட்டில் ஒலித்து எண்முறையில் பதிந்துகொள்ள வேண்டும். காகிதச் சீட்டையும், அதைச் சுற்றித் தட்டில் பொறித்துள்ள எண்ணையும் படமெடுத்து வைப்பது பாட்டின் காலத்தை அறிய உதவும். மும்பையில் இயங்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன் ஓடியன் தட்டுகளை இப்படி எண்முறைக்கு மாற்றினர்.

உடைந்த தட்டையும் எறிய வேண்டியதில்லை. துண்டுகள் அனைத்தும் இருந்தால் அவற்றைச் சேர்த்துவைத்து ஒலியை மீட்க வழியுண்டு. காகிதச் சீட்டு மட்டும் இருந்தாலும் அது ஒரு பதிவின் சான்றாகும்.