மான்செஸ்டர் கிளப் முதல் ‘தளபதி’ வரை: ராக்கும் ரேவும் ஒண்ணு சேர்ந்தது எப்படி?

பொங்கல் வந்துட்டா போளூர் பக்கம் ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டு ஒலிக்காமல் இருக்காது. 1991-ல் இளையராஜா இசையமைத்த அந்தப் பாட்டின் ஒரு துண்டு, 2007-ல் ஒரு லண்டன் தமிழ்ப் பெண்ணின் ஆல்பத்தில் முதல் பாட்டிலேயே வந்தது. அதே பாட்டில் ஒரு அமெரிக்க ராக் பேண்டின் வரிகளும், கிளப்பில் ஆட வைக்கும் பீட்டும் இருந்தன. பாடியவர் எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம்.

இப்படி எல்லாத்தையும் கலக்கலாம் என்ற தைரியம் எங்கிருந்து வந்தது? அதற்கு 1980-களின் மான்செஸ்டருக்குப் போகணும்.

ராக் வேற, ரேவ் வேறயா?

ஆமா. ராக் கச்சேரியில் எல்லார் கண்ணும் மேடையில் இருக்கும் பேண்ட் மேல். ரேவில் ஹீரோவே கிடையாது. டிஜே பாட்டு போடுவார், மெஷின் பீட் நிற்காது, கூட்டம் விடிய விடிய ஆடும்.

இந்த இரண்டையும் முதலில் இணைத்தவர்களில் முக்கியமானது ‘நியூ ஆர்டர்’ பேண்ட். கிட்டாரோடு டிரம் மெஷினையும் சேர்த்து 1983-ல் இவர்கள் வெளியிட்ட ‘ப்ளூ மண்டே’, பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற 12 இன்ச் சிங்கிள். இந்த பேண்டும் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் பணம் போட்டு 1982-ல் திறந்ததுதான் ‘ஹசியெண்டா’ கிளப்.

ஆரம்பத்தில் பல நாள் ஈ ஓட்டிய இடம், சிகாகோவில் பிறந்த ஹவுஸ் இசை வந்ததும் நிரம்பி வழிந்தது. ஹேப்பி மண்டேஸ், ஸ்டோன் ரோசஸ் போன்ற பேண்டுகளும் ஆட்டத்துக்கு ஏற்ற தாளத்துக்கு மாறின. 1990-ல் பிரைமல் ஸ்க்ரீம் பேண்டின் பழைய பாட்டு ஒன்றை டிஜே ஆண்ட்ரூ வெதரால் பிரித்துப்போட்டு ‘லோடட்’ ஆக்கினார். அது இடம்பெற்ற ‘ஸ்க்ரீமடெலிகா’ ஆல்பம், 1992-ல் முதல் மெர்குரி விருதை வென்றது.

கூட்டம் இருந்தும் நஷ்டம் ஏன்?

கிளப்புக்கு வருமானமே பாரில்தான். ஆனா எக்ஸ்டசி போதை மாத்திரை போட்டவர்கள் மது வாங்காமல் தண்ணீர் குடித்தே ஆடினார்கள். 1989-ல் அங்கே அந்த மாத்திரை சாப்பிட்ட 16 வயதுப் பெண் உயிரிழந்தார். ரவுடி கும்பல்களும் புகுந்தன. நியூ ஆர்டர் சம்பாதித்த பணம் கிளப்பிலேயே கரைந்தது. 1997-ல் ஹசியெண்டா மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1994-ல், அனுமதியில்லாத ரேவ்களைக் கலைக்க போலீஸுக்கு அதிகாரம் தரும் சட்டமும் வந்துவிட்டது.

மாயா எப்படி உள்ளே வந்தார்?

லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மீண்டும் லண்டனுக்கு அகதியாகத் திரும்பிய குடும்பம். ஓவியம், சினிமா படித்த மாயா, முதலில் ‘எலாஸ்டிகா’ என்ற ராக் பேண்டின் ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்து, அவர்களின் டூரை வீடியோ எடுக்கப் போனார். அங்கேதான் எம்சி-505 என்ற பீட் மெஷின் அறிமுகமானது. அதை வைத்து உருவானதுதான், அப்பா பெயரைத் தாங்கிய ‘அருளர்’ (2005).

அடுத்து அமெரிக்காவில் பதிவு செய்யத் திட்டம். 2006-ல் விசா சிக்கல் குறுக்கே வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர், சென்னையில் உறுமிக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டார். அம்மா பெயரில் வந்த அந்த ஆல்பம்தான் ‘கலா’.

அதில் ‘20 டாலர்’ பாட்டின் பேஸ் ‘ப்ளூ மண்டே’யை நினைவூட்டும். விசாவைக் கிண்டலடிக்கும் ‘பேப்பர் பிளேன்ஸ்’, ‘தி கிளாஷ்’ என்ற ராக் பேண்டின் இசைத் துண்டின் மேல் கட்டப்பட்டது. உள்ளே வர விசா தர இழுத்தடித்த அமெரிக்காவிலேயே, 2008-ல் அது பில்போர்டு பட்டியலில் 4-வது இடம் வரை போனது.

ஹெட்போன் இருந்தால் ‘ப்ளூ மண்டே’, ‘லோடட்’, ‘பேப்பர் பிளேன்ஸ்’ மூன்றையும் இதே வரிசையில் கேட்டுப் பாருங்க. 25 வருஷக் கதை கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி முடிந்துவிடும்.