ஆட்குறைப்பு இல்லை, ஆனால் அடுத்த வேலையும் இல்லை: தன்னுரிமை ஐடி ஊழியர்களை ஏஐ எப்படிப் பாதிக்கும்?

"தம்பி, வெப்சைட்ட என் பொண்ணே ஏஐ வச்சுப் பண்ணிட்டா. ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு. உனக்கு எதுக்குப்பா சிரமம்..."

இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

உங்களுக்கு 24 வயது என்று வைத்துக்கொள்வோம். பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பு முடிந்தது. தேசிய சேவையும் முடிந்தது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கேட்டரிங் நடத்தும் ஓர் ஆன்ட்டிக்கு 1,200 வெள்ளிக்கு இணையத்தளம் செய்து தருவதாகப் பேசி வைத்திருந்தீர்கள். அடுத்த மாதச் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தீர்கள்.

உங்களை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. கடிதம் வரவில்லை. இழப்பீடு பற்றிய பேச்சும் இல்லை. வரவேண்டிய வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

இது கற்பனைதான். ஆனால் தன்னுரிமையாகவோ ஒப்பந்த அடிப்படையிலோ ஐடி வேலை செய்பவர்களைச் செயற்கை நுண்ணறிவு தொடும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சத்தமே இருக்காது.

முதலில் யார்?

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் டிபிஎஸ் வங்கி ஓர் எண்ணைச் சொன்னது. அடுத்த மூன்று ஆண்டுகளில் சுமார் 4,000 வேலைகள் குறையும் என்றார் அப்போதைய தலைமை நிர்வாகி பியூஷ் குப்தா. மனிதர்கள் செய்யும் வேலைகளை ஏஐ மேலும் மேலும் எடுத்துக்கொள்வது காரணம்.

அந்தச் செய்தியில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு சொல் உண்டு. குறையப்போவது ஒப்பந்த, தற்காலிக வேலைகள். நிரந்தர ஊழியர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று வங்கி தெளிவாகச் சொன்னது. சுமார் 1,000 புதிய ஏஐ வேலைகள் உருவாகும் என்றும் அது சொன்னது.

அந்த 4,000 பேரும் ஐடி ஊழியர்கள் இல்லை. ஆனால் குறைக்கப்போகும் முறையைப் பாருங்கள். வேலைத்திட்டம் முடியும், ஒப்பந்தம் முடியும், அது புதுப்பிக்கப்படாது. தானாகவே எண்ணிக்கை இறங்கிவிடும்.

நிறுவனத்தின் பக்கம் இது மென்மையான வழி. ஊழியருக்கு? ஒப்பந்தம் அதன் தேதியில் முடிவது ஆட்குறைப்பு ஆகாது. அதனால் ஏஐயால் எத்தனை ஒப்பந்தக்காரர்களுக்கு வேலை போனது என்று ஆட்குறைப்புப் புள்ளிவிவரத்தில் தேடினால், உங்கள் கதை அதில் இருக்காது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சிங்கப்பூரில் "நான் காண்ட்ராக்ட்ல இருக்கேன்" என்று சொல்பவர்கள் இரண்டு வகை. ஒரு முகவை நிறுவனம் உங்களை ஓராண்டுக்கு வேலைக்கு எடுத்து வங்கிக்கோ அமைப்புக்கோ அனுப்பினால், நீங்கள் ஊழியர். வேலை நியமனச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் மத்திய சேமநிதியும் உண்டு.

நீங்களே வாடிக்கையாளர் தேடி, நீங்களே இன்வாய்ஸ் அனுப்பினால் கதை வேறு. சட்டப்படி நீங்கள் சுயதொழில் செய்பவர். சம்பளத்துடன் கூடிய விடுப்பு இல்லை, முதலாளி தரும் சேமநிதி இல்லை. ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நிகர வருமானம் வந்தால் மெடிசேவ் கணக்கில் நீங்கள்தான் பணம் போட வேண்டும்.

2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய சட்டம் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் உணவு விநியோகம் செய்பவர்களுக்கும் சில பாதுகாப்புகளைத் தந்தது. இணையத்தில் வேலை பிடித்து நிரல் எழுதுபவர்கள் அதற்குள் வரமாட்டார்கள்.

எவ்வளவு வேலை குறைந்திருக்கிறது?

சேட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் தேதி வெளியானது. அதற்கு முன்னும் பின்னும் உலக அளவிலான ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்தில் பதிவான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேலை விளம்பரங்களை ஓர் ஆய்வுக்குழு ஒப்பிட்டது. லண்டனின் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

சேட்ஜிபிடி வந்து எட்டு மாதத்துக்குள், ஏஐ எளிதில் செய்யக்கூடிய வகை வேலைகளுக்கான விளம்பரங்கள் 21 விழுக்காடு குறைந்திருந்தன. ஆள் செய்தே ஆகவேண்டிய வேலைகளோடு ஒப்பிட்டு எடுத்த கணக்கு இது. எழுத்து வேலைகளுக்குத்தான் பெரிய அடி, சுமார் 30 விழுக்காடு. மென்பொருள், இணையத்தளம், செயலி வேலைகளில் சுமார் 20 விழுக்காடு.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மிஞ்சியிருந்த வேலைகள் முன்பைவிடச் சற்றுச் சிக்கலானவை. அவற்றுக்கு வாடிக்கையாளர் கொடுக்க முன்வந்த தொகையும் சற்று அதிகம். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் போட்டி கூடிவிட்டது. சின்ன வேலைகள் மறைந்ததால் எல்லாரும் ஒரே வாசலில் வந்து நின்றார்கள்.

அந்த எட்டு மாதத்தில் இருந்த ஏஐ, இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் குழந்தை.

சீக்கிரம் முடித்தால் நஷ்டமா?

பலர் பேசாமல் விடும் விஷயம் இதுதான். ஆனால் உங்கள் பாக்கெட்டில் நேரடியாகக் கைவைப்பதும் இதுவே.

கிட்ஹப் கோபைலட் என்ற கருவியை வைத்து 95 நிரலாளர்களிடம் ஒரு சோதனை நடந்தது. அவர்கள் அப்வொர்க் தளத்தில் எடுக்கப்பட்ட ஃப்ரீலான்ஸர்கள். எல்லாருக்கும் ஒரே வேலை. கருவி இல்லாதவர்கள் சராசரியாக 2 மணி 41 நிமிடம் எடுத்தார்கள். கருவி வைத்திருந்தவர்களுக்கு 1 மணி 11 நிமிடம் போதுமாக இருந்தது.

நல்ல செய்திதானே? மணிக்கு 40 வெள்ளி வாங்குபவராக உங்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். முன்பு அந்த வேலைக்கு 107 வெள்ளி கிடைத்திருக்கும். இப்போது 47 வெள்ளி. வேலை அதேதான். கருவிக்கு மாதச் சந்தாவும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள்!

மாதச் சம்பளம் வாங்குபவர் வேலையைச் சீக்கிரம் முடித்தால் சம்பளம் குறையாது. மணிக்கணக்கில் விலை சொல்பவருக்குத்தான் வேகம் எதிரியாகிறது. அதனால்தான் முழு வேலைக்கு ஒரு விலை, அல்லது மாதாந்தரப் பராமரிப்புக்கு ஒரு விலை என்று பேசுவது இப்போது அவசியமாகிறது. வாடிக்கையாளரும் சும்மா இருக்கமாட்டார். "ஏஐதானே செய்யுது, பாதி விலை போட்டுக் குடுங்க" என்பார். அதற்கான பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்கு அவர்களுக்கு நன்கு பழக்கமான பெரிய திட்டங்களில் 246 வேலைகளைக் கொடுத்தது. ஏஐயைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனது. ஆனால் முடித்த பிறகும், ஏஐயால் 20 விழுக்காடு வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள்.

16 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. கருவிகளும் அதற்குள் மாறிவிட்டன. என்றாலும் விலை சொல்வதற்குமுன் கவனிக்கவேண்டிய எச்சரிக்கை அது. புதிதாக ஒன்றைத் தொடங்குவதில் ஏஐ வேகம் காட்டுகிறது. பழைய, பெரிய, பலர் கைபட்ட நிரலைத் திருத்தும்போது அதே வேகத்தை எதிர்பார்த்து "ரெண்டே நாள்ல முடிச்சுடறேன்" என்று வாக்குக் கொடுத்தால், மூன்றாவது நாள் இலவசமாக உழைக்க வேண்டியிருக்கும்.

ஆன்ட்டியின் இணையத்தளம் என்ன ஆகும்?

அந்த ஆன்ட்டியின் மகள் இரண்டு மணி நேரத்தில் செய்த தளம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் சந்தேகம் வேண்டாம்.

தீபாவளிக்கு முதல் வாரம் வரட்டும். ஒரே நாளில் நூறு ஆர்டர். பேநவ் வழியாகப் பணம் வந்துவிட்டது, ஆனால் எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு என்று தெரியவில்லை. படிவத்தில் வந்த மின்னஞ்சல்கள் குப்பைப் பெட்டிக்குள் போய்விட்டன. இதைவிட மோசம், வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி கிடக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு கடைக்காரருக்கு. ஏஐக்கு இல்லை.

தமிழ் என்றால் இன்னொரு தலைவலி. மெனுவை பிடிஎஃப் கோப்பாக மாற்றும் சில மென்பொருள் நூலகங்களுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. "கொழுக்கட்டை" என்று கொடுத்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் விழும். ஏஐ எழுதிய நிரல் பிழையில்லாமல் ஓடும். விளைவு தப்பு என்று பார்த்துச் சொல்ல, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். இது உங்களுக்குச் சாதகமான இடம். இதை மட்டும் வைத்து பிடிஓ வீடு வாங்கிவிட முடியாது, அது வேறு விஷயம்!

நிரல் எழுதித் தருவதன் விலை இறங்குகிறது. எழுதியது சரியா என்று பார்ப்பதும், பழைய கணக்கு முறையோடு இணைப்பதும், இரவு பத்து மணிக்குத் தளம் படுத்துவிட்டால் போனை எடுப்பதும் இன்னும் ஆள் தேவைப்படும் வேலைகள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2025இல் நடத்திய கருத்தாய்வில் 84 விழுக்காட்டு நிரலாளர்கள் ஏஐயைப் பயன்படுத்துவதாகவோ பயன்படுத்தப்போவதாகவோ சொன்னார்கள். அதே ஆய்வில் 46 விழுக்காட்டினர் அது தரும் விடை சரியாக இருக்கும் என நம்பவில்லை. அந்த நம்பிக்கையின்மைதான் உங்கள் சந்தை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

சரிபார்க்கத் தெரிய அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் எங்கிருந்து வந்தது? 1,200 வெள்ளி இணையத்தளங்களில் இருந்துதான். சின்ன வேலையில் தப்புச் செய்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்து கற்றுக்கொண்டவர்கள்தான் இன்றைய மூத்தவர்கள். ஏணியின் கீழ்ப்படியை எடுத்துவிட்டு, மேலே ஏறி வா என்கிறோம்.

அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்து ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. ஏஐ அதிகம் தொடும் துறைகளில் 22 முதல் 25 வயது வரையுள்ளோரின் வேலைவாய்ப்பு ஒப்பளவில் 13 விழுக்காடு குறைந்தது. அதே துறைகளில் வயதில் மூத்தவர்களுக்கு அப்படிப்பட்ட சரிவு இல்லை. அந்த ஆய்வு பார்த்தது சம்பள ஊழியர்களை. அவர்களுக்கே அந்த நிலை என்றால் ஒப்பந்தக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உதவித் திட்டங்களும் இளையர் பக்கம் அவ்வளவாக வரவில்லை. 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு. தொடக்கத்தில் தரப்படும் 500 வெள்ளிகூட 25 வயதில்தான். 24 வயது ஃப்ரீலான்ஸருக்கு இப்போதைக்குப் பொறுமை மட்டுமே இலவசம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

ஏஐ எழுதித் தரட்டும். ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், அதை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும். முன்பு சின்ன வேலைகள் தந்த பயிற்சிக்கு இப்போதைக்கு மாற்று அதுதான்.

வாடிக்கையாளரின் நிரலைப் பொது ஏஐ தளத்தில் ஒட்டுவதற்குமுன் அனுமதி கேளுங்கள். 2023இல் சாம்சுங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரலை சேட்ஜிபிடியில் போட்டது தெரியவந்தபோது, அந்த நிறுவனம் அத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. அவர்கள் ஊழியர்கள். உங்களை ஒரு வரி மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம்.

முத்தரப்பு அமைப்புகள் 2018இல் சுயதொழில் செய்பவர்களுக்கான ஒப்பந்தத் தரநிலை ஒன்றை வெளியிட்டன. வேலை என்ன, எவ்வளவு பணம், எப்போது தரப்படும், தகராறு வந்தால் என்ன செய்வது என்பதை எழுத்தில் வைக்கச் சொல்கிறது அது. ஏஐ காலத்துக்கு இன்னும் சில வரிகள் சேர்க்கலாம்: ஏஐயைப் பயன்படுத்தலாமா, எத்தனை முறை திருத்தம், ஒப்படைத்த பிறகு வாடிக்கையாளரே ஏஐ வைத்து மாற்றி உடைத்தால் அதைச் சரிசெய்ய யார் பணம் கொடுப்பது. கடைசி வரி வேடிக்கையாகத் தெரியலாம். அதற்கான தேவை சீக்கிரமே வந்துவிடும்.

பணம் வராவிட்டால் முத்தரப்பு அமைப்பான டிஏடிஎம் வழியாகச் சமரசம் பேசலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களே உங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

அங்கே காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்.