கூட்டம் வேற, வியாபாரம் வேற: உங்க வெப்சைட் கணக்கைப் படிப்பது எப்படி?



சாயங்காலம் ஆறு மணிக்கு திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துல நின்னு பாருங்க. காலேஜ் பசங்க, மலைக்கோட்டை ஏறிட்டு வர்றவங்க, ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிக்கிறவங்கன்னு ஒரே கூட்டமா இருக்கும். ஆனா அங்க டீக்கடை வச்சிருக்கிறவர் ராத்திரி கல்லாவை எண்ணும்போது, எத்தனை பேர் அந்த வழியா போனாங்கன்னு பார்க்க மாட்டார். எத்தனை டீ போச்சுன்னுதான் பார்ப்பார்.

வெப்சைட் விஷயத்துல மட்டும் நாம இதை மறந்துடறோம். "இந்த மாசம் 3,000 விசிட் சார்"னு ரிப்போர்ட் வந்ததும் சந்தோஷமா பணத்தை அனுப்பிடறோம். அந்த 3,000-க்கு என்ன அர்த்தம்? வாங்க பார்க்கலாம்.

முதல்ல நாலு வார்த்தை

ஹிட்: ஒரு பக்கம் திறக்கும்போது சர்வர்ல இருந்து வர்ற ஒவ்வொரு ஃபைலும் ஒரு ஹிட். பக்கத்துல 20 படம் இருந்தா, ஒருத்தர் ஒரு தடவை பார்த்தாலே குறைஞ்சது 21 ஹிட். இதை வச்சு வியாபாரத்தை அளக்கவே முடியாது.

செஷன்: ஒரு வருகை. காலையிலயும் சாயங்காலமும் சத்திரத்துல பஸ் மாறுறவர் ஒரே ஆள்தான், ஆனா வருகை ரெண்டு. 30 நிமிஷம் சும்மா விட்டுட்டு திரும்ப வந்தா, கூகுள் அனலிட்டிக்ஸ் புது செஷனா எழுதிக்கும்.

யூசர்: ஆள் கணக்கு. இதுவும் துல்லியம் இல்ல. ஒரே ஆள் போன்லயும் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் பார்த்தா பெரும்பாலும் ரெண்டு பேரா விழும்.

எங்கேஜ்டு செஷன்: 10 செகண்டுக்கு மேல இருந்தாலோ, ரெண்டு பக்கமாவது பார்த்தாலோ, நீங்க முக்கியம்னு குறிச்சு வச்ச செயலைச் செஞ்சாலோ இதுல சேரும். மத்தவங்க பஸ் ஜன்னல் வழியா கடை போர்டைப் பார்த்துட்டுப் போனவங்க மாதிரி.

இப்போ பணக் கணக்கு

என்.எஸ்.பி. ரோட்டுல உங்களுக்கு ஒரு சின்ன சேலைக் கடை இருக்குன்னு வச்சுக்குவோம். வெப்சைட் பராமரிப்புக்கு மாசம் 2,000 ரூபாய், விளம்பரத்துக்கு 4,000 ரூபாய். மொத்தம் 6,000. வந்தது 3,000 செஷன். அப்போ ஒரு வருகைக்கு 2 ரூபாய்தான். ரொம்ப மலிவா தெரியுதுல்ல?

ஆனா ஆர்டர் வந்தது 9 தான். ஒரு ஆர்டருக்கு லாபம் 500 ரூபாய்னா, கையில வந்தது 4,500. அதாவது மாசம் 1,500 ரூபாய் நஷ்டம்!

உடனே வெப்சைட்டை மூடிடாதீங்க. யார் எந்த வழியா வந்தாங்கன்னு பிரிச்சுப் பாருங்க. கூகுள்ல தேடி வந்தவங்க 600 செஷன், அதுல 6 ஆர்டர். விளம்பரம் வழியா 2,400 செஷன், அதுல 3 ஆர்டர். விளம்பர ஆர்டர் ஒண்ணுக்கு 1,333 ரூபாய் செலவு பண்ணி 500 ரூபாய் சம்பாதிச்சிருக்கீங்க. விளம்பரத்தை நிறுத்தினா கூட்டம் 600 ஆ குறையும், ஆனா மாசம் 1,000 ரூபாய் லாபம் நிக்கும்.

அவசரப்பட வேண்டாம்

ஒரே மாசக் கணக்கை வச்சு முடிவெடுக்காதீங்க, மூணு மாசமாவது பாருங்க. தீபாவளி மாசத்தை ஆடி மாசத்தோட ஒப்பிடாதீங்க. போன வருஷத்து தீபாவளியோட ஒப்பிடுங்க.

வாட்ஸ்அப்ல நீங்க அனுப்புற லிங்க்கைத் தொட்டு வர்றவங்க பல நேரம் 'டைரக்ட்'ங்கிற பேர்ல விழுவாங்க. அந்த லிங்க்ல யூடிஎம் குறியீடு சேர்த்து அனுப்பினா தனியா தெரியும்.

போன் பட்டனைத் தொட்டவங்க எண்ணிக்கை தானா வராது. அதைத் தனி ஈவென்ட்டா அமைச்சு, முக்கியச் செயலா குறிக்கச் சொல்லுங்க. முக்கியமா, அனலிட்டிக்ஸ் கணக்கு உங்க ஈமெயில்லயே இருக்கணும். கல்லாச் சாவியை வேற யார்கிட்டயாவது குடுப்பீங்களா?

இந்த மாசம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. கடைக்கு போன் பண்றவங்க, வாட்ஸ்அப் பண்றவங்க எல்லார்கிட்டயும் "எங்களை எப்படித் தெரியும்?"னு கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. மாசக் கடைசியில அதை ரிப்போர்ட்டோட பக்கத்துல வச்சுப் பாருங்க. எந்தச் செலவு வேணும், எது வேண்டாம்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.