டிஸ்சார்ஜ் புத்தகமும் ஆலை வாசலும்

2022-க்கு முன் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் இருபது வயதுக்குள் சேர்ந்துவிட்டவர். 15 ஆண்டுப் பணி முடிந்ததும் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும். அதனால் பெட்டியும் டிஸ்சார்ஜ் புத்தகமுமாக ஊர் திரும்பும் நாயக்குக்கோ ஹவில்தாருக்கோ வயது 35-க்கும் 45-க்கும் இடையில்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள், வீடு பாதி எழும்பி நிற்கும். பென்ஷன் ஒரு பிடிமானம். குடும்பத்தை நடத்த அது மட்டும் போதாது. இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்க உடம்பில் வலுவும் இருக்கிறது. இரண்டாவது வேலை ஒன்று வேண்டியிருப்பது இதனால்தான்.

ராமநாதபுரம் கரையோரத்தில் அந்த வேலை எளிதில் கிடைப்பதில்லை. மீன்பிடிப்பு, உப்பளம், பனைத்தொழில், மிளகாய்ச் சாகுபடி ஆகியவையே இங்கு காலங்காலமாக இருந்துவரும் பிழைப்புகள். வாலிநோக்கத்தில் அரசின் உப்பு நிறுவனமும், வழுதூரில் எரிவாயு மின்நிலையமும் இருக்கின்றன. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஆனால் சூரியத் தகடுகளைக் கட்டி முடித்த பிறகு அவற்றைப் பராமரிக்கச் சிலரே போதும். உச்சிப்புளியில் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளமும், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் செயல்படுகின்றன. சீருடையைக் கழற்றியவர்களுக்கோ தொழிற்கூட வேலை என்றால் மதுரை, தூத்துக்குடி, திருச்சி, சென்னை என்று வெளியூரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆலைகளுக்கு இவர்கள் எந்த வகையில் பயன்படுவார்கள் என்பதற்கு விடை டிஸ்சார்ஜ் புத்தகத்திலேயே இருக்கிறது. சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, நன்னடத்தை மதிப்பீடு, மருத்துவத் தரம், பதக்கங்கள் ஆகியவற்றோடு 'டிரேடு' என்று ஒரு பதிவும் அதில் உண்டு. பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் 1780-ல் வேர்கொண்ட படைப்பிரிவு; வெல்டர், எலெக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், கொத்தனார் எனப் பல தொழில்களை அது பயிற்றுவிக்கிறது. 1943-ல் உருவான இ.எம்.இ. பிரிவு வண்டி, பீரங்கி, ரேடார் என்று ராணுவத்தின் கருவிகள் அனைத்தையும் பழுதுபார்க்கிறது. கடற்படையின் மின்தொழில்நுட்பப் பயிற்சி ஜாம்நகர் ஐ.என்.எஸ். வல்சுராவிலும், கப்பல் இயந்திரப் பயிற்சி லோனாவாலா ஐ.என்.எஸ். சிவாஜியிலும் நடக்கிறது. பாலைவன வெயிலில் டாங்க் இன்ஜினை இறக்கி, பிரித்து, மீண்டும் பூட்டி ஓடவிட்டவருக்கு ஆலையின் பராமரிப்புப் பிரிவு புதிய உலகமல்ல.

தமிழ்நாட்டுப் பேராலைகளில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு திருச்சி திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனம் (பெல்). 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த ஆலை, மின்நிலையங்களுக்கான உயர் அழுத்தக் கொதிகலன்களைச் செய்கிறது. இத்தகைய மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 'சி' பிரிவுப் பணிகளில் 14.5 சதவீதமும், 'டி' பிரிவில் 24.5 சதவீதமும் இட ஒதுக்கீடு உண்டு. போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தினருக்கும் உடல் ஊனமுற்ற படைவீரர்களுக்கும் உரிய 4.5 சதவீதம் இதற்குள் அடங்கும். மத்திய அரசு அலுவலகங்களில் இந்த விகிதம் 'சி' பிரிவில் 10, 'டி' பிரிவில் 20. தமிழ்நாடு அரசின் 'சி' பிரிவு நேரடி நியமனங்களில் 5 சதவீதம்.

வயதும் படிப்பும் தடையாகிவிடாமல் இருக்கவும் விதிகள் உள்ளன. விண்ணப்பிப்பவரின் வயதிலிருந்து அவர் படையில் இருந்த ஆண்டுகளைக் கழிப்பார்கள். மிஞ்சும் வயது, பணிக்குரிய உச்சவரம்பை 3 ஆண்டுகளுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். 38 வயதில், 17 ஆண்டுப் பணி முடித்து வருபவரின் கணக்கு வயது 21. உச்சவரம்பு 27 என்றாலும் அவர் தாராளமாக உள்ளே வந்துவிடுவார். அதேபோல, பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டுகள் படையில் இருந்தவரை, பட்டம் கேட்கும் பல 'சி' பிரிவுப் பணிகளுக்குப் பட்டதாரியாகவே கருதுகிறார்கள்.

இத்தனை இருந்தும் ஒதுக்கிய இடங்கள் முழுவதும் நிரம்புவதில்லை. சான்றிதழ் அதற்கு ஒரு முக்கியக் காரணம். கொதிகலன் குழாயில் பற்றவைப்பவர், 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தேர்வெழுதித் தேறியிருக்க வேண்டும். அவர் போடும் இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத துளை உள்ளே வரம்பை மீறி இருந்தாலும் அந்த இணைப்பு தள்ளப்படும். பட்டாளத்தில் பதினைந்து ஆண்டுகள் வெல்டிங் செய்தவருக்குக் கை ஓடும். ஆனால் அந்தத் தாள் இருக்காது. சில வாரப் பயிற்சியும் ஒரு தேர்வும் இந்த இடைவெளியை அடைத்துவிடும். பணிக்காலத்தின் கடைசி மாதங்களில் இத்தகைய பயிற்சிகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் ஏற்பாடு செய்கிறது. விலகும் நாள் நெருங்கும்போது வீட்டுக் கவலையில் இதைத் தவறவிடுபவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

தொழில் தெரிந்தவர்களும் கடைசியில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். அந்த வேலையிலும் ஒழுங்கான வழி ஒன்று உண்டு. 1986-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டெக்ஸ்கோ, முன்னாள் படைவீரர்களைக் காவலர்களாகவும் ஓட்டுநர்களாகவும் அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அனுப்புகிறது. மறுவாழ்வு இயக்ககத்தில் பதிவு பெற்ற காவல் நிறுவனங்களுக்கும் பொதுத்துறை ஆலைகள் பணி தருகின்றன. சட்டப்படியான ஊதியமும் வைப்பு நிதியும் கிடைப்பதால் பலருக்கு இது கௌரவமான பிழைப்பு. ஆனாலும் ரேடாரைப் பழுதுபார்த்த கையை வாசல் பதிவேட்டில் வண்டி எண் எழுத வைப்பது, அவருக்கும் நட்டம், ஆலைக்கும் நட்டம்.

இந்த நட்டத்தைத் தவிர்க்க முடியும் என்று காட்டிய நிறுவனங்களில் ஒன்று, டாடா மோட்டார்ஸ் 2008-ல் வாங்கிய பிரிட்டனின் ஜாகுவார் லேண்ட் ரோவர். முன்னாள் படைவீரர்களுக்கென்றே 2013 முதல் தனித் திட்டம் நடத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அது வேலைக்கு எடுத்திருக்கிறது. காயமுற்ற வீரர்களுக்காக 2014-ல் லண்டனில் தொடங்கிய இன்விக்டஸ் விளையாட்டுப் போட்டிகளுக்கும் துணைநின்றது. பட்டாளத்து அனுபவத்தை ஆலை மொழியில் பெயர்த்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேலைக்கு எடுக்கும் மேசையில் இருந்தால் நிலைமை மாறிவிடும். ஹவில்தார் என்பவர் ஒரு குழுவை நடத்தியவர், அவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றவர், கருவிக் கணக்கு ஒப்படைத்தவர். ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் ஆலை எதிர்பார்ப்பதும் இவற்றைத்தான்.

வேலை தருவதோடு ஆதரவு முடிவதில்லை. பென்ஷன் பெறுவோருக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் 2003 முதல் இ.சி.எச்.எஸ். திட்டத்தில் மருத்துவ வசதி இருக்கிறது. அதற்காக வெளியூர் போக வேண்டிய நாளில் விடுப்பு கொடுப்பது ஆலையின் பங்கு. உடல் ஊனமுற்றவருக்கு உட்கார்ந்தபடி செய்யும் ஆய்வுப் பணியோ கிடங்குப் பணியோ ஒதுக்கலாம். சொந்தத் தொழில் தொடங்குபவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் 1 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியம் தருகிறது. அப்படித் தொடங்கும் பட்டறைகளிடம் உதிரிப் பாகம் வாங்குவதும் பேராலைகள் செய்யக்கூடிய உதவியே.

இந்தத் தேவை இனி கூடும். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களில் 25 சதவீதத்தினர் வரையே நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் இருபதுகளின் முற்பாதியிலேயே பென்ஷன் இல்லாமல், ஒருமுறை கிடைக்கும் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பாதுகாப்புத் துறையின் பொதுத்துறை நிறுவனங்களில் அவர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டுள்ளது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்திலும் அவர்களுக்கு வாய்ப்பு உண்டு. ராமநாதபுரத்து வீரர் செய்ய வேண்டிய முதல் வேலை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்வது. ஆலை செய்ய வேண்டியது, அந்தப் புத்தகத்தில் 'டிரேடு' என்று எழுதியிருக்கும் வரியைப் படித்துவிட்டு வேலையை முடிவு செய்வது.