பச்சோந்திக்குப் புதுத் தீனி: உயிர்த்தீனி விற்போர் அறிய வேண்டியவை

சரக்கில் குறை ஒன்றும் இல்லாதபோதே வாடிக்கையாளர் அதைத் திருப்பிக் கொண்டு வந்து கல்லாமேல் வைக்கிற வியாபாரம் ஒன்று உண்டு. அதுதான் உயிர்த்தீனி வியாபாரம். வளர்ப்புப் பிராணிகளுக்குப் புழு, பூச்சி விற்கிற கடைக்காரர் எவரும் இதை அனுபவித்திருப்பார். "உங்கள் புழு சரியில்லை, என் பிராணி ஏறெடுத்தும் பார்க்கவில்லை" என்பார்கள். புழு நன்றாகத்தான் நெளிந்துகொண்டிருக்கும். தின்னாதது பிராணியின் பழக்கம்.

இந்தப் பழக்கக் கோளாறில் முதலிடம் பச்சோந்திக்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பச்சோந்தி வளர்ப்போர் ஏராளம். அங்கே அதிகம் வளர்க்கப்படுபவை இரண்டு இனங்கள். ஒன்று தலையில் உயர்ந்த கொண்டை கொண்ட ஏமன் நாட்டுப் பச்சோந்தி. மற்றொன்று மடகாஸ்கர் தீவின் பல வண்ணப் 'பேந்தர்' பச்சோந்தி. இரண்டும் பண்ணைகளில் குஞ்சு பொரித்து விற்பனைக்கு வருகின்றன. இவற்றுக்கு இரையாகும் பூச்சிகளை வளர்த்து, அட்டைப் பெட்டிகளில் அடைத்து, தபாலிலும் கடைகளிலும் விற்பது அங்கே தனித் தொழில். அந்தத் தொழில் பட்ட ஒரு பெரிய அடியிலிருந்து தொடங்கினால் விஷயம் எளிதில் விளங்கும்.

ஒரே சரக்கை நம்பிய கதை

பல பத்தாண்டுகளாக அங்கே உயிர்த்தீனி என்றால் சுவர்க்கோழிதான். இரவில் சுவர் இடுக்கில் கிறீச்சிடுமே, அந்த இனத்தின் பழுப்பு நிற வகை. விலை மலிவு, விரைவாகப் பெருகும், பூச்சி தின்னும் பல்லி இனங்கள் பலவும் தின்னும். வளர்ப்பவரும் வேறொன்றைத் தேடவில்லை, கடைக்காரரும் வைக்கவில்லை. இந்தச் சுவர்க்கோழியைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் ஐரோப்பியப் பண்ணைகளை முன்பே வாட்டியது. 2009-10 வாக்கில் அது வட அமெரிக்கப் பண்ணைகளிலும் பரவியது. பூச்சிகள் மல்லாந்து விழுந்து, கால்களை உதைத்தபடி கூட்டங்கூட்டமாகச் செத்தன. பிராணிகளுக்கோ மனிதருக்கோ இந்த நோயால் தீங்கு இல்லை. ஆனால் பண்ணைக்குள் ஒருமுறை நுழைந்தால் துடைத்து வெளியேற்றுவது மிகக் கடினம். பழைய பண்ணைகள் சில இருப்பு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கின, சில மூடியே போயின.

மிஞ்சியவர்கள் இந்த நோய் எளிதில் தாக்காத வேறு சுவர்க்கோழி இனங்களுக்கு மாறினார்கள். உடம்பில் பட்டை வரிகள் உள்ள வெப்பநாட்டு இனம் இன்று அங்கே பரவலாக விற்கிறது. அந்த நெருக்கடியில் முறையான அனுமதி பெறாத வேற்று நாட்டு இனங்களும் சந்தையில் புழங்கியதை 2012-இல் பூச்சியியலாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். தட்டுப்பாடு வந்தால் அனுமதியில்லாத சரக்கும் கூடவே வரும் என்பது நம் வணிகர்களுக்குப் புதிதல்ல.

பண்ணைக்காரர் சரக்கை மாற்றிவிட்டார், கடைக்காரரும் மாற்றிவிட்டார். குஞ்சுப் பருவம் முதல் பழுப்புச் சுவர்க்கோழி ஒன்றையே தின்று வளர்ந்த பச்சோந்தியை மாற்றுவதுதான் பாடாக இருந்தது. கரப்பானைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், புழுவைப் போட்டால் கிளையில் ஏறிவிடும். ஒரே இரையை நீண்ட நாள் கொடுத்தால் இன்னொன்றும் நேர்வதுண்டு. ஒருநாள் அதையும் வேண்டாமென்று நிறுத்திவிடும். வாடிக்கையாளர் பயந்துபோய்க் கடைக்கு ஓடிவருவது அப்போதுதான்.

முதலில் நோயா, பிடிவாதமா?

கடைக்காரர் புதுப் பூச்சியை எடுத்துக் கொடுப்பதற்கு முன் நாலைந்து கேள்வி கேட்க வேண்டும். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறதா? வாய் வீங்கியிருக்கிறதா? நாக்கை நீட்டிக் குறி தவறுகிறதா? கிளையைப் பிடிக்கும் பிடி தளர்ந்திருக்கிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், புழு விற்காமல் கால்நடை மருத்துவரிடம் அனுப்புவதே நேர்மை. பகலில் கண் மூடிய பச்சோந்தி பெரும்பாலும் நோயாளி.

அடுத்து வெளிச்சமும் வெப்பமும். வெயில் காய்கிற இடத்தில் சுமார் 30 டிகிரி செல்சியஸ் இல்லையென்றால் இரை செரிக்காது. செரிக்காத வயிறு பசிக்காது. புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருப்பதாலேயே அது வேலை செய்வதாகக் கொள்ள முடியாது. அந்தக் கதிர், விளக்கு அணைவதற்குப் பல மாதங்கள் முன்பே குறைந்துவிடும். குழாயைக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்வதை வியாபாரத் தந்திரம் என்று வாடிக்கையாளர் நினைத்தாலும், விளக்கிச் சொல்லத்தான் வேண்டும்.

பெண் பச்சோந்தியா என்று கேட்க மறக்கக் கூடாது. ஏமன் இனப் பெண், ஆணைப் பார்க்காமலே முட்டையிடும். முட்டையிடும் நாள் நெருங்கினால் தீனியை நிறுத்திவிட்டு, கூண்டின் அடியில் அங்குமிங்கும் அலையும். அதற்குத் தேவை ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டி. அது கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கிப் போனால் உயிருக்கே ஆபத்து. 'பிடிவாதம்' என்று நினைத்துப் பட்டினி போட்டு இப்படிப் பறிகொடுத்தவர்கள் உண்டு. தோல் உரிக்கும் நாட்களிலும், எதிரே இன்னொரு பச்சோந்தியோ கண்ணாடியில் தன் நிழலோ தெரிந்தாலும் தீனி குறையும். தோல் உரிப்பு முடிந்தால் தானே சரியாகும், மற்றதற்கு அந்தக் காட்சியை மறைக்க வேண்டும்.

கண்ணால் தின்னும் பிராணி

இவை ஒன்றும் இல்லையென்றால் விஷயம் பழக்கம்தான். பச்சோந்தி மோப்பம் பிடித்து இரை தேடுவதில்லை. இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்று தேடும். அசைவு தெரிந்ததும் இரண்டும் ஒரே புள்ளியில் நிலைக்கும். பிறகு உடலைவிட நீளமான நாக்கு பாயும். ஆக, அசையாத இரை அதன் கணக்கில் இரையே அல்ல. புதுப் பூச்சியை அது மறுப்பதில் பாதி, ருசியால் அல்ல, அது கண்ணில் படாததால்தான்.

'டூபியா' என்ற தென் அமெரிக்கக் கரப்பான் நல்ல உதாரணம். சத்துள்ளது, நாற்றம் குறைவு, வழுவழுப்பான சுவரில் ஏறாது. ஆனால் தொட்டால் உறைந்து நிற்கும், இல்லையேல் மறைவில் புகுந்துகொள்ளும். கூண்டுக்குள் விட்டால் பச்சோந்தி அதைப் பார்க்கவே போவதில்லை. வெளிர் நிற, வழுவழுப்பான கிண்ணத்தில் போட்டு, பச்சோந்தி வழக்கமாக உட்காரும் கிளையின் மட்டத்தில் கட்ட வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் இடுக்கியால் பிடித்து மல்லாத்திக் காட்டலாம். ஆறு கால்களும் துடிக்கும்போது கண்கள் இரண்டும் அந்தப் பக்கம் திரும்புவதைப் பார்க்கலாம்.

கிண்ணத்துக்குப் பழகாத பிராணிகளும் உண்டு. அவற்றுக்குப் பூச்சியைக் கிளையிலோ வலைச் சுவரிலோ ஏறவிட வேண்டும். பறக்கும் ஈயை மறுக்கும் பச்சோந்தி அரிது. பல நாள் வாய் திறக்காத பிராணிகூட ஈ பறந்தால் நாக்கை நீட்டிவிடும். அதனால் கூட்டுப்புழு நிலையில் ஈக்களை வைத்திருக்கும் கடைக்கு அங்கே தனி மதிப்பு. அடுத்தபடி பச்சை நிற இரைகள். பெரிய நீலப்பச்சைக் கொம்புப் புழு, குச்சிப் பூச்சி, வெட்டுக்கிளி ஆகியவற்றை முதல் முறையிலேயே ஏற்கும் பிராணிகள் நிறைய. வெள்ளைப் பட்டுப்புழுவும் நல்ல தீனி. நம்மூரில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பட்டுக்கூட்டுக்காக வளர்க்கிற அதே புழுவைத்தான் அங்கே அரைத்த முசுக்கொட்டைத் தீவனம் கொடுத்து இதற்காக வளர்க்கிறார்கள்.

மாற்றுகிற வேலையைக் காலையில் செய்ய வேண்டும். விளக்குப் போட்டு, உடம்பு சூடேறிய அரை மணி, ஒரு மணி நேரத்தில் பசி நன்றாக இருக்கும். முதலில் புதுப் பூச்சி, அதுவும் ஒன்று மட்டும். தொடவில்லையென்றால் எடுத்துவிட்டு, மறுநாள் மீண்டும். அல்லது பழைய சுவர்க்கோழி இரண்டோடு புதியது ஒன்றைக் கலந்து, பழையதை நோக்கி நாக்கை நீட்டும் வேகத்திலேயே புதியதும் வாயில் போகும்படி செய்யலாம். ஒருமுறை தின்று ருசி கண்டால் பிறகு தகராறு குறைவு. பூச்சியின் அளவு, பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. பெரிய பூச்சியைக் கண்டு ஒதுங்குவதைப் பலர் ருசிக் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள்.

பசிக்க விடலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. முழு வளர்ச்சி அடைந்த, கொழுத்த, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற பச்சோந்தியைச் சில நாள் பசிக்க விடலாம். அதிகமாகத் தீனி போட்டுப் போட்டே பசியைக் கெடுத்தவர்கள்தான் அதிகம். வளர்ந்த பிராணிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். குஞ்சுக்கும், மெலிந்ததற்கும், சினைப் பெண்ணுக்கும் பட்டினி ஆகவே ஆகாது. கிராம் காட்டும் சின்னத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை இறங்கிக்கொண்டே போனால் பரிசோதனையை நிறுத்த வேண்டும். வாயைப் பிளந்து திணிப்பது மருத்துவர் செய்ய வேண்டிய காரியம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மெழுகு அந்துப்பூச்சியின் புழு, சூப்பர்வார்ம் இரண்டும் குழந்தைக்கு மிட்டாய் மாதிரி. கொழுப்பு மிகுதி. 'எதையும் தின்னவில்லை' என்கிறவருக்கு இவற்றைக் கொடுத்தால் உடனே தின்னும், வாடிக்கையாளரும் மகிழ்வார். ஆனால் அதன்பின் வேறெதையும் தொடாது. அன்றைய விற்பனைக்காக இதைச் செய்கிற கடைக்காரர் அடுத்த மாதத்துப் புகாரைத் தானே விலைக்கு வாங்குகிறார்.

இருப்பு வைக்கும் முறை

பல வகை வைத்தால் தேங்கிச் சாகாதா என்ற கவலை நியாயமானது. ஒவ்வொன்றுக்கும் தாங்கும் காலம் வேறு. மீல்வார்மைக் குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைக்கலாம். பார்வைக்கு அதன் அண்ணன் போல இருக்கும் சூப்பர்வார்மை அங்கே வைத்தால் செத்துவிடும். கொம்புப் புழு வெப்பத்தில் நாளுக்கு நாள் பெருத்து, விற்பதற்குள் விரல் தடிமன் ஆகிவிடும். 13 டிகிரி அளவில் வைத்தால் வளர்ச்சி மட்டுப்படும். பட்டுப்புழுவுக்கு ஈரமும் அழுக்குக் கையும் எமன். பிளாக் சோல்ஜர் என்னும் ஈயின் புழுவில் சுண்ணாம்புச் சத்து இயல்பிலேயே அதிகம். மற்றப் பூச்சிகளுக்குப் போல அதற்குக் கால்சியம் பொடி தூவ வேண்டியதில்லை. டூபியா வளர்ந்தபின் ஓராண்டுக்கு மேலும் உயிர் வாழும். இதில் நட்டம் மிகக் குறைவு. சுவர்க்கோழி வளர்ந்த சில வாரங்களில் கிழமாகிச் சாகும். காரட், கீரை போட்டு வைத்தால் பூச்சியும் தாங்கும், அதைத் தின்கிற பிராணிக்கும் சத்து போய்ச் சேரும். பட்டினிப் பூச்சி வெறும் தோல்தான்.

புது வகையை ஐந்து, ஆறு மட்டும் சிறு டப்பாவில் போட்டு, வழக்கமான சரக்கோடு சேர்த்துக் கொடுப்பது அங்கே நல்ல பலன் தருகிறது. ஐம்பது வாங்கி நாற்பத்தொன்பது செத்தால் வாடிக்கையாளர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார். தோட்டத்திலிருந்து பிடித்த புழுவைப் போட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புக. தக்காளி, புகையிலைச் செடி தின்ற கொம்புப் புழுவின் உடம்பில் அந்தச் செடியின் நஞ்சு இருக்கும், மருந்து அடித்த செடியென்றால் கேட்கவே வேண்டாம். தின்னாத சுவர்க்கோழியை இரவு கூண்டில் விட்டுவைத்தால் தூங்கும் பச்சோந்தியையே கடிக்கும்.

நம் கடைகளில்

நம் ஊரில் அரோவானா மீனுக்கும் பறவைகளுக்கும் மீல்வார்ம், சூப்பர்வார்ம் விற்கிற உறுப்பினர்களிடம் இப்போது பச்சோந்திக்குத் தீனி கேட்டும் வருவதுண்டு. அப்போது எந்தப் பச்சோந்தி என்று கேட்டுக்கொள்வது நல்லது. நம் வேலியிலும் புதரிலும் காண்கிற இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அதற்குத் தீனி சொல்லிக் கொடுக்காமல் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஏமன், மடகாஸ்கர் இனங்கள் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படியும், 2024-இல் வந்த விதிகளின்படியும், இவற்றை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். பிராணியையே விற்க நினைக்கிற உறுப்பினர், சரக்கு எடுக்கும் முன் இறக்குமதித் தாள்களையும் பதிவுச் சான்றையும் நேரில் பார்த்து, நகல் ஒன்றைக் கடைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.